ஐஸ்ல வெள்ளி மாதிரி தூள் மினுக்குது, மெஷின் போச்சா அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். தூத்துக்குடியில பீச் ரோடு பக்கமா ஜூஸ், ஃபலூடா கடை வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு 100 கிலோ போடுற க்யூப் ஐஸ் மெஷின், வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இப்ப கதவுலயும் ஐஸ் விழுற தொட்டி ஓரத்துலயும் பழுப்புப் புள்ளியா துரு வருது. எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லித்தான் குடுத்தாங்க, காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டல. ஐஸ் வெள்ளையா மங்கலா வருது, பிளேட்ட விட்டு விழவும் லேட் ஆகுது. போன வாரம் ஐஸ்ல வெள்ளி மாதிரி மினுக்குற சின்னச் சின்னத் தூள் பாத்தேன். பையங்க மாசம் ஒரு தடவை பாத்ரூம் ஆசிட்ல தண்ணி கலந்து ஊத்திக் கழுவுவாங்க, அப்புறம் ப்ளீச்சிங் பவுடர் போட்டு கம்பி நார்ல தேய்ப்பாங்க, சுத்தத்துல ஒரு குறையும் வச்சதில்ல. தண்ணி பாதி நாள் மாநகராட்சி, பாதி நாள் போர். போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) 1400 காட்டுது. மெக்கானிக் வந்து பாத்துட்டு எவாப்பரேட்டர மாத்தணும், பாதி மெஷின் காசு ஆகும்ங்கார். வினிகர் ஊத்தலாமா, ஆர்ஓ போடலாமா, துரு மேல சில்வர் பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

பதில்: தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், இன்னிக்கு அந்த மெஷின் ஐஸ யார் கிளாஸ்லயும் போடாதீங்க. பால் பாத்திரத்தச் சுத்தி வெளிய போட்டு குளுத்திக்கோங்க, குடிக்கிறதுக்குள்ள மட்டும் போகக் கூடாது. ரெண்டு நாளைக்கு வெளிய வாங்கி ஓட்டுங்க, ஆனா ஹார்பர் பக்கம் மீனுக்குப் போடுற பார் ஐஸ வாங்கிட்டு வந்து உடைச்சிப் போட்டுராதீங்க, அது வேற இது வேற. சாப்பிடக் கூடாத ஐஸ்ல நீலக் கலர் கலக்கணும்னு 2018-லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லியிருக்கு, அதுக்காக நீலம் இல்லாத ஐஸ் எல்லாம் நல்ல ஐஸ்னு நம்பிரவும் முடியாது, குடிதண்ணியில போட்டதுதானான்னு கேட்டு வாங்குங்க.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துதேன்னா அந்த மினுக்குற தூள் என்னன்னு முதல்ல தெரியணும். அதுக்கு லேபுக்கெல்லாம் போக வேண்டாம். சுத்தமான கண்ணாடி டம்ளர்ல ஒரு பத்து க்யூப் போட்டு உருக விடுங்க, உருகின தண்ணிய ஒரு வெள்ளைக் கைக்குட்டையில வடிகட்டுங்க, துணியில நிக்கிறது மேல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சி விடுங்க, ஜூஸ் கடைக்காரருக்கு எலுமிச்சைக்கா பஞ்சம். வெள்ளையா மாவு மாதிரி இருந்தது லேசா நுரைச்சி கரைஞ்சி போச்சுன்னா அது சுண்ணாம்பு, தண்ணியில இருந்து வந்தது, பயப்பட வேண்டாம், கழுவுனா சரியாயிரும். மினுக்குறது கரையாம அப்படியே கிடந்து, விரல்ல எடுத்துப் பாத்தா சிகரெட் பாக்கெட்டுக்குள்ள இருக்குமே வெள்ளித் தாள், அத நுணுக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சுன்னா அது நிக்கல். உங்க எவாப்பரேட்டர் உரியுது.

எவாப்பரேட்டர்ங்கிறது ஐஸ் பிடிக்கிற அந்தக் கட்டம் கட்டமான பிளேட்டுதான். உங்க சைஸ் மெஷின்ல பெரும்பாலும் அது உள்ளுக்குள்ள செம்பு, குளிர வேகமாக் கடத்துறது செம்புதான், ஆனா செம்ப அப்படியே தண்ணி மேல விட்டா பச்சை பிடிக்கும், அதனால மேல மெல்லிசா நிக்கல் பூசியிருப்பாங்க. அந்தப் பூச்சு எவ்வளவு மெல்லிசுன்னா, தலைமுடி அதைவிட தடிமன். பாத்ரூம் ஆசிட்ங்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அது சுண்ணாம்பக் கரைக்கும்தான், ரெண்டு நிமிஷத்துல பளிச்சுனு ஆக்கிரும், அதான் பையங்களுக்கு அது மேல அவ்வளவு பாசம், ஆனா சுண்ணாம்பு தீந்தப்புறம் அது சும்மா இருக்காது, நிக்கல்ல கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டை இருக்கும், அது வழியா உள்ள இறங்கி அடியில இருக்கிற செம்பத் தின்னும். அடி ஆடிப் போனப்புறம் ஒவ்வொரு தடவை ஐஸ் பிடிச்சி, சூடு வாங்கி, விழும்போதும் மேல இருக்கிற நிக்கல் கொஞ்சம் கொஞ்சமா தூக்கும். மாசம் ஒரு தடவைன்னா மூணு வருஷத்துல முப்பத்தாறு தடவை ஆசிட் குளியல். மெஷின் இத்தனை நாள் தாங்குனதே பெருசு.

சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, நீங்க "சுத்தத்துல ஒரு குறையும் வச்சதில்ல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க மெஷின அரிச்சது அந்தச் சுத்தம்தான். கடல் காத்து ரெண்டாவது, போர் தண்ணி மூணாவது. நான் இருபது வருஷத்துக்கு மேல ஐஸ் மெஷினும் கோல்ட் ரூமும் பாக்கேன், கழுவாம கெட்ட மெஷின் நிறைய பாத்திருக்கேன், ஆனா கழுவாத மெஷின திருப்பிக் கொண்டு வந்துரலாம், தப்பாக் கழுவுன மெஷினத்தான் காப்பாத்த முடியறதில்ல.

சரி, உங்க மெக்கானிக் சொல்றது நிஜமான்னு நீங்களே பாருங்க. மெஷின ஆஃப் பண்ணி, மெயின் எம்சிபியையும் இறக்கிட்டு, முன்னாடி தொங்குற பிளாஸ்டிக் கர்ட்டன கழட்டிட்டு, டார்ச்ச நேரா அடிக்காம ஓரத்துல இருந்து சாய்ச்சி அடிங்க. வெள்ளையா சொரசொரன்னு இருந்தா அது படிவு. மங்கலா இருக்கு ஆனா ஒரே சீரா இருக்குன்னா இன்னும் ஓடும். எங்கயாவது சிவப்பா செம்பு தெரிஞ்சாலோ, கட்டத்தோட மூலையில பச்சைக் கறை இருந்தாலோ, கொப்புளம் மாதிரி எழும்பி ஓரம் சுருண்டு நின்னாலோ மெக்கானிக் சொன்னது சரி, அவர்கிட்ட சண்டை போடாதீங்க. அங்கயே வச்சி திரும்ப நிக்கல் பூச முடியாது, அது ஃபேக்டரியில தொட்டியில முக்கிப் பூசுறது. யாராவது ஃபுட் கிரேடு எபாக்ஸி அடிச்சித் தாரேன், ஸ்ப்ரே இருக்குன்னு வந்தா அனுப்பிருங்க, ஒரு நாளைக்கு அத்தனை தடவை உறைஞ்சி சூடாகிற இடத்துல அது நிக்காது, உரிஞ்சி அதுவும் ஐஸ்லதான் விழும்.

மாத்துறதா புதுசு வாங்குறதாங்கிறதுக்கு எனக்கு ஒரே கணக்குதான், பின்னாடி இருக்கிற கண்டென்சர, அதாவது சூட்ட வெளிய தள்ளுற பாகத்த, தொட்டுப் பாருங்க, அதுல இருக்கிற மெல்லிசு அலுமினியத் தகடு, ஃபின்னு சொல்லுவோம், விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்குச்சுன்னா எவாப்பரேட்டருக்குக் காசு போடாதீங்க, அந்தக் காசப் புது மெஷினுக்கு அட்வான்ஸ் குடுங்க. ஃபின் நல்லா இருக்கு, கம்ப்ரஸர் சத்தமில்லாம ஓடுதுன்னா மூணு வருஷ மெஷினத் தூக்கிப் போட வேண்டாம், மாத்துங்க. தள்ளி மட்டும் போடாதீங்க, ஏன்னா நிக்கல் போன இடத்துல செம்பு ட்யூப்ல ஒரு ஊசி ஓட்டை விழுந்தாப் போதும், கேஸ் வெளிய போறதோட நிக்காது, அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள இழுத்துக்கும், தண்ணி போன கம்ப்ரஸர் அவ்வளவுதான், அப்ப பாதி காசு முழுக் காசாயிரும்.

இப்ப கதவுத் துருவுக்கு வாரேன். எஸ்எஸ் துருப்பிடிக்காதுன்னு சொல்றது பாதி உண்மை. அதுல இருக்கிற குரோமியம் காத்தோட சேந்து மேல ஒரு தோல் கட்டும், கண்ணுக்கே தெரியாத தோல், அது இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற இரும்புக்கு ஒண்ணும் ஆகாது, கீறுனாலும் தானா மறுபடி கட்டிக்கும். அந்தத் தோலுக்குப் பெரிய எமன் குளோரைடு. கடல் காத்துல இருக்கிற உப்பு குளோரைடு, உங்க ஆசிட் குளோரைடு, ப்ளீச்சிங் பவுடர்லயும் குளோரின், மூணையும் சேத்து ஒரே கதவுல தேச்சிருக்கீங்க. அதுக்கு மேல கம்பி நார். கம்பி நார் தேயும்போது அதோட இரும்புத் துகள் எஸ்எஸ் கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும், மறுநாள் ஈரத்துல துருப்பிடிக்கிறது முதல்ல அந்தத் துகள்தான், கதவு துருப்பிடிக்குதுன்னு நினைச்சி பையன் இன்னும் கொஞ்சம் கம்பி நார் போட்டுத் தேய்ப்பான், துரு இன்னும் கூடும். தேய்க்கத் தேய்க்கத்தான் துருவே வளருது.

காந்தம் ஒட்டலன்னு சந்தோஷப்பட்டிருக்கீங்க. எஸ்எஸ்ல பல ரகம் இருக்கு, டூ நாட் டூ (202) ரகமும் காந்தத்துல ஒட்டாது, த்ரீ நாட் ஃபோர் (304) ரகமும் ஒட்டாது. டூ நாட் டூல நிக்கலக் குறைச்சி மாங்கனீஸ் போட்டிருப்பாங்க, விலை கம்மி, பாக்கப் பளபளன்னு ஒண்ணு போலவே இருக்கும், கடலோரத்துல ஒரு மழைக்காலம் தாண்டுனா குட்டு வெளிப்பட்டுரும். த்ரீ நாட் ஃபோர்னா குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும், உள்ளூருக்கு அது போதும், பீச் ரோட்டுக்கு அதுவே தடுமாறும், த்ரீ சிக்ஸ்டீன் (316) ரகத்துல மாலிப்டினம்னு இன்னொரு உலோகம் சேத்திருப்பாங்க, உப்ப அதுதான் தாங்கும், ஆனா நம்ம பட்ஜெட்ல முழு மெஷினும் அதுல வராது. அதனால இருக்கிறத வச்சி எப்படி ஓட்டுறதுன்னு பாப்போம்.

நான் தொழில் பழகுனது ஒரு பார் ஐஸ் ஃபேக்டரியில. அங்க பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணி, அது ஜீரோ டிகிரிக்குக் கீழ போனாலும் உறையாது, அதுக்குள்ள நல்ல தண்ணி ஊத்துன தகர டப்பாவ இறக்கி வச்சி ஐஸ் கட்டுவோம். அந்த டப்பாவோட அடிப்பக்கம், எப்பவும் உப்புத் தண்ணிக்குள்ளயே முங்கிக் கிடக்கும், அது நல்லா இருக்கும், மேல விளிம்பு, உப்புத் தண்ணி தெறிச்சி, காஞ்சி, மறுபடி தெறிச்சி நனையும் பாருங்க, அந்த இடம்தான் இத்துப் போகும். எங்க ஃபோர்மேன் அந்த விளிம்ப மட்டும் தினம் சாயங்காலம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவச் சொல்வாரு, எனக்கு அப்ப எரிச்சலா வரும், உப்புத் தொட்டியில கிடக்கிற டப்பாவுக்கு நல்ல தண்ணி என்னத்துக்குன்னு. இப்ப புரியுது. உப்பும் ஈரமும் காத்தும் மூணும் ஒண்ணா சேர்ற இடம் அதுதான். உங்க மெஷின்ல அந்த விளிம்பு எதுன்னா கதவு ஓரம், ரப்பர் கேஸ்கெட்டுக்கு அடி, ஸ்க்ரூ தலை, தொட்டி வாய். நீங்க புள்ளி வந்துருக்குன்னு சொன்ன இடமெல்லாம் அதுதான பாருங்க.

கடல் உப்பு வெறும் சமையல் உப்பு மட்டும் இல்ல, அதுல மக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது ரொம்பக் குறைஞ்ச ஈரத்துலயே காத்துல இருந்து தண்ணிய இழுத்துக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுமே, அந்த வேலைதான். நமக்குக் கதவு காஞ்ச மாதிரி தெரியும், மேல ஒரு உப்பு ஈரப் படலம் எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும். அதனால ராத்திரி கடை அடைக்கும்போது ஒரு துணிய நல்ல தண்ணியில, நல்ல தண்ணின்னா மாநகராட்சித் தண்ணி, போர் தண்ணி இல்ல, நனைச்சி வெளிப்பக்கம் முழுக்கத் துடைச்சி, அடுத்து காஞ்ச துணியில ஒரு தடவை ஒத்தி எடுங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். துருவுக்கு இதுக்கு மேல மருந்து கிடையாது.

இப்ப இருக்கிற பழுப்புப் புள்ளிக்கு, சோப்புத் தண்ணியில கழுவிட்டு, பலசரக்குக் கடையில கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் உப்ப வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சி, லிட்டருக்கு 50 கிராம் போதும், துணியில நனைச்சி அந்தப் புள்ளி மேல ஒரு இருபது நிமிஷம் ஒட்டி வைங்க. அப்புறம் மெத்து ஸ்பாஞ்சால எஸ்எஸ்ல கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாவே தேய்ங்க, குறுக்கத் தேய்க்காதீங்க, கழுவி துடைங்க. சிட்ரிக் ஆசிட் அந்த இரும்புத் துகளக் கரைச்சி எடுத்துரும், குரோமியத் தோல் திரும்பக் கட்டிக்கும். அப்புறமும் புள்ளி நின்னா நகத்த வச்சித் தடவுங்க, நகம் தடுக்கி குழிக்குள்ள இறங்குச்சுன்னா அது குழி விழுந்த துரு, அது போகாது, வளராமப் பாத்துக்கலாம் அவ்வளவுதான். வெளிக் கதவுல இருந்தாப் பரவாயில்ல, ஐஸ் படுற இடத்துல குழி இருந்தா அந்த பேனலை மாத்திருங்க, குழிக்குள்ள அழுக்குப் போய்ச் சேந்தா எந்த பிரஷ்ஷும் எட்டாது.

சில்வர் பெயிண்ட் கேட்டிருந்தீங்க. வேண்டாம் தம்பி. துரு மேல அடிச்ச பெயிண்ட் அடியில துரு நிம்மதியா வளரும், தொட்டி உள்பக்கம் அடிச்சீங்கன்னா அதையும் சேத்து ஃபலூடாவுல குடுப்பீங்க. பின்னாடி இருக்கிற ஸ்டாண்டு, கால், ஐஸும் தண்ணியும் படாத இரும்பு, அதுக்கு வேணா துரு சுரண்டி, பிரைமர் அடிச்சி, எபாக்ஸி பெயிண்ட் அடிங்க.

தண்ணிக் கதை. தண்ணி உறையும்போது சுத்தமான தண்ணிதான் முதல்ல ஐஸாகும், அதுல கரைஞ்சிருந்த உப்பு வெளிய தள்ளப்பட்டு கீழ தொட்டியில மிச்சத் தண்ணியோட சேரும். அது சுத்திச் சுத்தி மேல ஓடும், ஓட ஓட கெட்டியாகும். உங்க கணக்கையே பாருங்க, டிடிஎஸ் 1400-ன்னா லிட்டருக்கு 1.4 கிராம், போர் தண்ணி ஓடுற நாள்ல 100 லிட்டருக்கே 140 கிராம், பாதி நாள் போர்னாலே அதுல இருந்து மட்டும் மாசத்துக்கு 2 கிலோவுக்கு மேல உப்பும் சுண்ணாம்பும் அந்த மெஷினுக்குள்ள போகுது. நிறைய டிரெய்ன்ல போயிரும், மிச்சம் பிளேட்லயும், தண்ணி தெளிக்கிற ட்யூப் ஓட்டையிலயும் சொருகிக்கும். ஓட்டை அடைச்சா தண்ணி சீரா விழாது, ஐஸ் மங்கலா, நடுவுல குழியா வரும், பிளேட் சொரசொரன்னு ஆனதும், ஐஸ விழ வைக்க மெஷின் அனுப்புற சூடு கேஸ் வந்தாலும் ஐஸ் வழுக்கி விழாம பிடிச்சிக்கிட்டே நிக்கும். நீங்க சொன்ன லேட் அதான். அப்ப பையன் கத்திய விட்டு நெம்புவான் பாருங்க, அதை மட்டும் செய்ய விடாதீங்க, எவாப்பரேட்டர்ல கத்தி பட்டு கேஸ் போனது நான் எண்ண முடியாத அளவுக்குப் பாத்தாச்சு.

குடிதண்ணிக்கு இந்தியத் தரத்துல டிடிஎஸ் 500 நல்லது, வேற வழியில்லன்னா 2000 வரைக்கும் போகலாம்னு இருக்கு. உங்க போர் தண்ணி அந்தக் கணக்குல தப்பிச்சிரும், மெஷின்கிட்ட தப்பிக்காது. மாநகராட்சித் தண்ணி தாமிரபரணி, வல்லநாட்டுல இருந்து வர்றது, அது எவ்வளவோ மேல். முடிஞ்சா ஐஸ் மெஷினுக்குன்னு தனியா ஒரு சின்ன டேங்க் வச்சி அதுல மாநகராட்சித் தண்ணி மட்டும் பிடிங்க, பாத்திரம் கழுவ போர் போகட்டும். முடியாதுன்னா ஆர்ஓ. ஆனா ஆர்ஓ போடுற ஆள் பெருமைக்கு டிடிஎஸ் 8, 10-னு இறக்கிக் குடுப்பார், வாங்காதீங்க. பல மெஷின்ல ஐஸ் தடிமனையும் தண்ணி அளவையும் பாக்கிற ப்ரோப், தண்ணியில கரண்ட் கடத்துறத வச்சித்தான் வேலை செய்யும், உப்பே இல்லாத தண்ணியில அதுக்குக் கண்ணு தெரியாது, மெஷின் எரர் காட்டி நிக்கும். அது போக ரொம்ப வெறுமையான தண்ணி லேசா புளிப்புப் பக்கம் சாயும், உலோகத்தையே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சி எடுக்கும். 50-ல இருந்து 100-க்குள்ள வர்ற மாதிரி கலப்பு வால்வு வச்சிக் குடுங்கன்னு கேளுங்க. சாஃப்ட்னர் போடுங்கன்னு யாராவது சொன்னா, அது சுண்ணாம்ப எடுத்துட்டு சோடியத்த விடும், படிவு குறையும், டிடிஎஸ் குறையாது, குளோரைடு அப்படியே இருக்கும், துருவுக்கு அதால பிரயோஜனம் இல்ல.

கார்பன் ஃபில்டர் போட்டீங்கன்னா இன்னொண்ணு மனசுல வைங்க, அது குளோரின எடுத்துரும், உலோகத்துக்கு நல்லது, ஆனா குளோரின் இல்லாத தண்ணியில பாசி, வழவழப்பு சீக்கிரம் வரும். தொட்டி மூலையில, கர்ட்டன் பின்னாடி ரோஸ் கலர்ல வழவழன்னு பிடிக்கிறத பாத்திருப்பீங்க. அது கிருமி. பழம் நறுக்குற இடத்துல சீக்கிரம் வரும், அந்தப் படலத்துக்கு அடியில காத்துப் போகாது, எஸ்எஸ் தோல் திரும்பக் கட்ட வழியில்ல, அங்கயும் அரிப்பு ஆரம்பிக்கும். அப்ப சுத்தமும் துருவும் ரெண்டு வேலை இல்ல.

சரி, எப்படிக் கழுவுறது. இதுல ரெண்டு மருந்து, ரெண்டும் வேற வேற வேலை. ஒண்ணு டீஸ்கேலர், சுண்ணாம்பக் கரைக்கிறது, பாஸ்பாரிக் ஆசிடோ சிட்ரிக் ஆசிடோ இருக்கும், டப்பா மேல நிக்கல் சேஃப்னு எழுதியிருக்கணும், எழுதலன்னா எவாப்பரேட்டர் பக்கமே கொண்டு போகாதீங்க. ரெண்டாவது சானிடைசர், கிருமிய கொல்றது. ரெண்டையும் ஒரு நாளும் ஒண்ணாக் கலக்காதீங்க, ஒண்ணு போட்டுட்டு நல்லாக் கழுவாம அடுத்தது ஊத்தாதீங்க. ஆசிட் மேல ப்ளீச்சிங் விழுந்தா குளோரின் கேஸ் கிளம்பும். உங்க பையங்க மாசா மாசம் ஆசிட் ஊத்தி, உடனே ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்காங்க, கண்ணு எரியுது, இருமல் வருதுன்னு சொன்னாங்களா இல்லையான்னு கேளுங்க, சொல்லியிருப்பாங்க, நீங்க மாஸ்க் போட்டுக்கோன்னு சொல்லியிருப்பீங்க. சாதாரண துணி மாஸ்க் அதுக்கு ஒண்ணும் பண்ணாது.

காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிங்க, மூணு மணி நேரம் வேணும். ஐஸ் தானா விழுந்து பிளேட் காலியாகிறப்ப மெஷின நிறுத்துங்க. தொட்டியில இருக்கிற ஐஸ் மொத்தத்தையும் வெளிய கொட்டுங்க, ஒண்ணு கூட மிச்சம் வேண்டாம், நல்ல ஐஸாச்சேன்னு பாக்காதீங்க. க்ளீன்னோ வாஷ்னோ ஒரு சுவிட்ச் இருக்கும், அதப் போட்டா கம்ப்ரஸர் ஓடாம பம்ப் மட்டும் ஓடும், தண்ணி நிறைஞ்சதும் டப்பாவுல சொன்ன அளவு டீஸ்கேலர் ஊத்துங்க, கூட ஊத்துனா சீக்கிரம் முடியும்னு நினைக்காதீங்க. கையுறை, கண்ணாடி போட்டுக்கோங்க. சுத்தி முடிச்சி அது டிரெய்ன் ஆனதும் மெயின ஆஃப் பண்ணிட்டு கர்ட்டன், தண்ணித் தெளிக்கிற ட்யூப், கீழ் டிரே, ஃப்ளோட், ப்ரோப் எல்லாத்தையும் கழட்டி வெதுவெதுப்பான தண்ணியில அதே டீஸ்கேலர் கலந்து ஊற வைங்க, பழைய மெத்து டூத் பிரஷ்ஷால தேய்ங்க. ட்யூப் ஓட்டைய குச்சியால குத்திப் பெருசாக்காதீங்க, ஊறுனாத் தானா வரும். எவாப்பரேட்டர் மூலைக்கும் அதே மெத்து பிரஷ்தான்.

எல்லாத்தையும் நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுனப்புறம்தான் சானிடைசர். உங்க மெஷின் கம்பெனி எத சொல்லுதோ அது முதல் சாய்ஸ், அது கிடைக்கலன்னா லிக்விட் சோடியம் ஹைப்போகுளோரைட், 5 சதவீதம்னு போட்டிருந்தா லிட்டருக்கு 4 மில்லி, அது 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 200 பங்கு, அதுக்கு மேல வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் போடாதீங்க, அதுல கால்சியம், கரையாத வண்டல் அடியில நிக்கும், சுண்ணாம்ப எடுத்துட்டு சுண்ணாம்பையே திரும்பக் கொட்டுன கதை. பிளாஸ்டிக் பாகம் எல்லாம் அதுல முங்கட்டும், தொட்டி உள் சுவர், கரண்டி, கரண்டி வைக்கிற இடம் எல்லாத்தையும் தொடைங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல நல்ல தண்ணி விட்டு எடுத்துருங்க, எஸ்எஸ் மேல ராத்திரி பூரா ஊற விட்டா அது கிருமிய கொல்றதோட நிக்காது. திரும்ப மாட்டி ஓட விட்டு முதல் ரெண்டு ஈடு ஐஸ் குப்பைக்கு. சாதாரண இடத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு மேனுவல்ல இருக்கும், உங்க தண்ணிக்கு மூணு மாசம், போர் தண்ணியே தொடர்ந்தா ரெண்டு மாசம். மாசா மாசம் டீஸ்கேல் வேண்டாம், அதுவும் ஆசிட்தான்.

கண்டென்சரப் பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா கடலோரத்துல முதல்ல சாகறது அதுதான். செம்பு ட்யூப் மேல அலுமினிய ஃபின், ரெண்டு வேற உலோகம், நடுவுல உப்பு ஈரம், பேட்டரி மாதிரி வேலை செஞ்சி அலுமினியம் வெள்ளைப் பவுடரா உதிரும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை மெயின் ஆஃப் பண்ணி, ஃபேன் மோட்டார், கரண்ட் பெட்டி மேல பிளாஸ்டிக் கவர் கட்டி, ஃபேன் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, அதாவது காத்துப் போற திசைக்கு எதிரா, பம்ப் ஸ்ப்ரேயர்ல நல்ல தண்ணி மெதுவா விடுங்க, பைக் கழுவுற பிரஷர் பம்ப் வேண்டாம், ஃபின் படுத்துரும். ஆசிட் மட்டும் இல்ல, ஏசி காயில் க்ளீனர்னு வர்ற காரமான சோப்பும் வேண்டாம். காஞ்சப்புறம் ஓட விடுங்க. மெஷின் மூஞ்சிய வாசல் பக்கம் கடலப் பாத்து வச்சிருந்தீங்கன்னா திருப்பி வைங்க, சுவத்துக்கும் மெஷினுக்கும் அரை அடியாவது இடம் விடுங்க. கண்டென்சர மாத்துற நிலைமை வந்தா எபாக்ஸி கோட்டிங் போட்டதாக் கேட்டு வாங்குங்க.

வினிகர் கடைசி. கழட்டுன பிளாஸ்டிக் பாகத்த ஊற வைக்க நல்லது, பிளேட்ல கெட்டியா இருக்கிறதுக்குப் பத்தாது. ஆனா அத விட முக்கியம், வினிகர் கேன், ஆசிட் பாட்டில், ப்ளீச்சிங் மூட்டை எதையும் மெஷினுக்கு அடியிலயோ பக்கத்துலயோ வைக்காதீங்க. வினிகர் ஆவியும் ஈரமும் சேந்து செம்பு ட்யூப்ல எறும்புப் புத்து மாதிரி உள்ளுக்குள்ளயே வளைஞ்சி வளைஞ்சி ஓட்டை போடும், வெளிய பாத்தா ஒரு புள்ளி கூடத் தெரியாது, கேஸ் மட்டும் போயிக்கிட்டே இருக்கும். ஒரு ஹோட்டல்ல புது மெஷின் மூணு மாசத்துல பின்பக்கம் மட்டும் பழுப்பா ஆயிருச்சு, கம்பெனி மேல கோவமா இருந்தாங்க, நான் போய்க் குனிஞ்சி பாத்தேன், மெஷினுக்கும் சிங்க்குக்கும் நடுவுல மூடி தொலைஞ்ச ஆசிட் கேன் ஒண்ணு, வாய்ல துணி சொருகி வச்சிருந்தாங்க.

டம்ளர் டெஸ்ட் பண்ணிட்டு, டார்ச் சாய்ச்சி அடிச்சி பிளேட்ட ரெண்டு போட்டோ, கண்டென்சர ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. செம்பு தெரியுதான்னு பாத்து, மாத்தலாமா விடலாமான்னு சொல்லுதேன். அதுக்குள்ள மெக்கானிக்குக்கு அட்வான்ஸ் குடுத்துராதீங்க.